ஊர்வலத்துக்கு வாழ்த்துச் செய்தி

கேள்வி: உலகெங்கும் நீர்நிலைகள் மாசடைவதைக் கண்டித்து எங்கள் சங்கம் விழிப்புணர்வு ஊர்வலமும் வெள்ளவத்தை வாய்க்கால் கரையில் சிரமதானமும் நடத்தவிருக்கிறது. மக்கள் மனம் திருந்தினால் நீரும் சுத்தமாகிவிடும்தானே? எங்கள் மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி தருவீர்களா?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஊர்வலம் சரி, சிரமதானமும் சரி. மலர் எதற்கு? வாழ்த்துச் செய்தி தருவதாக இல்லை, கோபிக்க வேண்டாம்.

மக்கள் மனம் திருந்தி ஆறு சுத்தமான கதை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில், லண்டன் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளை வெளிற்றும் தூள் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். சனங்கள் கொலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது வராத பணம், உறுப்பினர்களின் மூக்குக்கு ஆபத்து என்றதும் சில வாரங்களில் வந்தது. பசல்ஜெட் என்ற பொறியியலாளர் பெரிய நிலத்தடிக் கால்வாய்களைக் கட்டினார். ஆனால் அவை கழிவை நகருக்குக் கிழக்கே தள்ளிக் கொட்டினவே தவிர, சுத்திகரிக்கவில்லை. நூறு வருடம் கழித்து, 1957 இல், அதே நதியில் உயிரில்லை என்று அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்திக் கட்டிய பிறகுதான், 1974 இல், அங்கே ஒரு சால்மன் மீன் அகப்பட்டது.

தள்ளிக் கொட்டுவது நமக்கும் தெரிந்த வித்தைதான். வெள்ளைக்காரன் போட்ட மலக்குழாய்கள் முகத்துவாரத்திலும் உங்கள் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகின்றன. கொழும்பு நகரத்தின் கழிவு பல பத்தாண்டுகளாக அந்த வழியாகத்தான் போனது. அப்புறம் நகர நடுவிலிருக்கும் பேரை வாவி. கங்காராமைப் பக்கம் அன்னப் படகில் ஏறுகிறவர்கள் பார்க்கும் பச்சை, பாசி. அந்தப் பாசிக்குத் தீனி, மழைநீர் வடிகாலில் களவாகப் பொருத்திய கக்கூஸ் குழாய்கள். சொப்பிங் பையை வீசுகிறவன் ஊத்தையன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சை அவன் வேலையல்ல. உங்கள் சிரமதானத்தில் பை அகப்படும், குழாய் அகப்படாது.

குடிக்கிற தண்ணீரையும் பாருங்கள். கொழும்பின் பெரும்பகுதிக்குக் களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தலையில் எடுக்கிறார்கள். அதற்கு மேலே, பியகமவில், தொழிற்சாலைகள். 2015 இல் அங்கே ஒரு குளிர்பானத் தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து கங்கையில் கலந்ததில் நீர் விநியோகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தொழிற்சாலையின் சுற்றாடல் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. இதில் எந்த வீட்டுக்காரரின் மனம் திருந்தியிருக்க வேண்டும், சொல்லுங்கள்?

ஜப்பானின் மினமாட்டாவில், மீன் வழியே பாதரசம் உடம்பில் ஏறி வரும் நரம்பு நோய் 1956 இலேயே பதிவானது. சிஸ்ஸோ தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்த கம்பனி வைத்தியருக்கு 1959 இல் காரணம் தெரிந்துவிட்டது. கம்பனி அதை வெளியே விடவில்லை. பாதரசம் கலந்த கழிவு நின்றது 1968 இல். விழிப்புணர்வுக்கு அங்கே குறைவேயில்லை, கம்பனி முழு விழிப்போடுதான் இருந்தது.

உருப்படியாக ஏதாவது நடந்த இடம் வேண்டுமா? அமெரிக்காவில் குயகோகா ஆறு எண்ணெய் படிந்து 1969 இல் தீப்பிடித்தது. அது அந்த ஆற்றுக்கு முதல் தீயுமல்ல. 1972 இல் வந்த சட்டம், குழாய் வைத்து ஆற்றில் கழிவை விடுகிறவர் அனுமதி எடுக்க வேண்டும், விடுவதை அளந்து அறிக்கை தர வேண்டும், அந்த அறிக்கையை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்றது. அரசாங்கம் தூங்கினால் சாதாரண குடிமகனே வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, வயல்களிலிருந்து வழியும் உரத்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனாலும் கம்பனிகள் பயந்தது பதாகைக்கல்ல, அந்த அறிக்கைக்கும் வழக்குக்கும்தான்.

நம்மிடமும் 1980 முதல் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. கழிவுநீரை வெளியே விடும் தொழிற்சாலைகள் உரிமம் பெற வேண்டும். 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே மலருக்கு ஒதுக்கிய காசில் முத்திரை வாங்குங்கள். களனிக் கரையில் ஒரு தொழிற்சாலையைத் தெரிவு செய்து, அதன் உரிமப் பிரதியையும் கடைசிக் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள். உங்கள் வாய்க்காலில் எந்தக் கட்டடங்களின் குழாய்கள் விழுகின்றன என்று மாநகர சபையைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை அந்தத் தகவல் சட்டப்படி அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம். வருகிற பதிலை எனக்கு அனுப்பினால் ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன். வராவிட்டால் அதையும் போடுகிறேன்.