பைத்தான் நிரல்மொழியின் இணைய ஆவணத்தில் தவறு கண்டால் எப்படித் திருத்துவது?

முதலில் பக்கத்தின் மேலே இருக்கும் பதிப்புப் பட்டியலில் அடுத்து வரப்போகும் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பல சமயம் நீங்கள் பார்த்த பிழையை அங்கே ஏற்கெனவே யாராவது சரிசெய்திருப்பார்கள். அங்கேயும் இருந்தால், தவறு ஓர் உதாரண நிரலில் என்றால் அதை அப்படியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயத்துக்கு இஷ்யூ (பிழைப் புகார்) திறக்க வேண்டியதில்லை, நேராகப் புல் ரிக்வெஸ்ட் (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பலாம். பக்கத்தின் ஓரத்தில் மூலத்தைக் காட்டும் இணைப்பு இருக்கும், அதை அழுத்தினால் பைத்தானின் மூலக் கோப்புகள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள கோப்புக்கே போய்விடும், அப்புறம் பென்சில் குறியை அழுத்தித் திருத்த வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோப்பு எழுதப்பட்டிருக்கும் குறியீட்டு முறை பலருக்குப் பழகிய மார்க்டவுன் இல்லை, ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட். நிரல் சொல்லை இரண்டு இரண்டு பேக்டிக் (`) குறிகளுக்குள் போட வேண்டும், பழக்கதோஷத்தில் ஒன்றோடு நிறுத்தினால் வேறு மாதிரி வரும். முதல்முறை என்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து நிற்கும், பயப்பட வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் இது: பைத்தானுக்குள் ஹெல்ப் என்று தட்டினால் வரும் விளக்கமும் இணையத்தில் இருப்பதும் ஒரே உரை இல்லை. ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்ப்பில் வருவது சி மொழிக் கோப்புக்குள் இருக்கிறது, இணையப் பக்கத்துக்கு உரியது ஆவணக் கோப்புறையில் தனியாக இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று தானாக மாறாது, இரண்டையும் பாருங்கள்.

திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்த பிறகு, பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோவதைப் பைத்தானைப் பராமரிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள்.