சென்ட்ரோமியரை எண்ணுங்கள்: செல் பகுப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லையெனில் அதன் டி.என்.ஏ எங்கே இருக்கிறது?

பதில்: சைட்டோபிளாசத்திலேயே, நியூக்ளியாய்டு எனப்படும் பகுதியில் இருக்கிறது. அதைச் சூழ்ந்து படலம் கிடையாது.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவைச் "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. அது பெயர் சூட்டுகிறதே தவிர எதையும் விளக்குவதில்லை. உட்படலம் மடிந்து மடிந்து இருப்பதால் அதன் பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்பிலுள்ள புரதங்கள் எலக்ட்ரான்களைக் கடத்தும்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் இரு படலங்களுக்கும் இடையிலுள்ள வெளிக்குத் தள்ளப்படுகின்றன, அவை ஏ.டி.பி சிந்தேஸ் என்னும் நொதியின் வழியே உள்ளே திரும்பும்போது, செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகப் பயன்படுத்தும் ஏ.டி.பி உருவாகிறது. மடிப்புக்கும் வேலைக்கும் உள்ள இந்தத் தொடர்பை எழுதுங்கள்.

கேள்வி: பசுங்கணிகம் இருப்பதால் தாவர செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை. வேர் செல்லில் பசுங்கணிகமே இல்லை. இலை செல்லும் இரவில் சுவாசித்தே ஆகவேண்டும்.

கேள்வி: மனித செல்லில் டி.என்.ஏ நகலெடுக்கப்படும் எஸ் நிலை முடிந்ததும் 92 குரோமோசோம்கள் இருக்கும்தானே?

பதில்: இல்லை, 46தான். எஸ் நிலையில் டி.என்.ஏ அளவு இரட்டிக்கிறது; குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பதில்லை. ஒவ்வொரு குரோமோசோமும் சென்ட்ரோமியர் என்னும் ஒரே இணைப்பிடத்தில் சேர்ந்த இரண்டு நகல்களை, அதாவது இரண்டு குரோமாட்டிட்களை, கொண்டதாகிறது. குரோமாட்டிட்களை எண்ணாதீர்கள், சென்ட்ரோமியரை எண்ணுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. இரண்டு முழு டி.என்.ஏ மூலக்கூறுகள் இருக்கும்போது அதை ஒன்று என்பது வெறும் வழக்கம்தானே? (இதே கருத்தை இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள்.)

பதில்: நல்ல எதிர்ப்பு, விரிவாகவே பதில் சொல்கிறேன். எண்ணும் முறை நாம் வகுத்துக்கொண்டதுதான், ஆனால் காரணமின்றி வகுத்ததன்று. மனித குரோமோசோம்கள் 48 என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. டிஜியோ, லெவன் என்னும் ஆய்வாளர்கள் 1956இல் அதைத் திருத்தி 46 என்று அறிவித்தார்கள். வளர்ப்பு செல்களில் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து, குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுத்து, குரோமாட்டிட்கள் பிரிவதற்கு முந்தைய கட்டமான மெட்டாஃபேஸில் நின்றுபோன செல்களை உப்படர்த்தி குறைந்த கரைசலில் உப்பச் செய்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவிய நிலையில் எண்ணினார்கள். அந்த நிலையில் ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்கள் இருந்தன. நீங்கள் சொல்லும் முறையில் எண்ணியிருந்தால் அவர்கள் 92 என்று அறிவித்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. செல்லைப் பொறுத்தவரை அந்த இரண்டும் இன்னும் பிரிக்கப்படாதவை. கொஹீசின் என்னும் புரதம் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இரு துருவங்களிலிருந்தும் வரும் இழைகள் அந்த இணையின் இரு பக்கங்களைப் பற்றி எதிரெதிர்த் திசைகளில் இழுக்க, அந்த இழுவிசை எல்லா குரோமோசோம்களிலும் சரியாக அமைந்த பிறகே கொஹீசின் வெட்டப்படுகிறது. சேர்ந்திருப்பதால்தான் சரியாகப் பிரிய முடிகிறது. ஆகவே அவை ஓர் அலகு என்பது வெறும் பெயரளவிலான தீர்மானமன்று.

கேள்வி: அப்படியானால் 92 என்ற எண் எங்குமே வராதா?

பதில்: வரும். மெட்டாஃபேஸுக்கு அடுத்த கட்டமான அனாஃபேஸில் குரோமாட்டிட்கள் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோமாகிறது. அப்போது ஒரே செல்லுக்குள் 92 இருக்கும். இறுதிக் கட்டமான டீலோஃபேஸில் உருவாகும் உட்கரு ஒவ்வொன்றிலும் 46.

கேள்வி: பாலணுக்களை உருவாக்கும் பகுப்பான மியாசிஸில் எண்ணிக்கை பாதியாவது முதல் பகுப்பிலா, இரண்டாம் பகுப்பிலா?

பதில்: முதல் பகுப்பில். அங்கே ஒத்திசைவு குரோமோசோம்கள்தான் (தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இணைகள்) ஒன்றையொன்று பிரிகின்றன. குரோமாட்டிட்கள் சென்ட்ரோமியரில் சேர்ந்தே இருக்கின்றன. எனவே கிடைப்பவை 23 குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்கள். இரண்டாம் பகுப்பில் அந்தக் குரோமாட்டிட்கள் பிரிய, எண்ணிக்கை 23ஆகவே நிற்க, டி.என்.ஏ அளவு மீண்டும் பாதியாகிறது. குரோமாட்டிட்களை எண்ணிப் பழகியவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள்.

கேள்வி: எஸ் நிலைக்கு அடுத்த ஜி2 நிலையில் 92தானே?

பதில்: மேலே பதில் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இரு பகுப்புகளுக்கு இடைப்பட்ட இடைநிலை என்பது ஓய்வு நிலையா?

பதில்: அன்று. செல் வளர்வதும் டி.என்.ஏவை நகலெடுப்பதும் அந்த நிலையில்தான்.

கேள்வி: உறவினர் ஒருவருக்குப் புற்றுநோய். செல் பகுப்பை நிறுத்தும் மருந்துகளில் எது நல்லது?

பதில்: சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் மட்டுமே கேட்கவேண்டிய கேள்வி இது. நான் சொல்வது முறையாகாது.

கேள்வி: வெங்காயத் தோலைச் சாயமிட்டுப் பார்த்தேன். ஒரு செல்லிலும் குரோமோசோம் தெரியவில்லை. ஏன்?

பதில்: தோலின் செல்கள் பகுப்பை முடித்துக்கொண்டவை, அங்கே உட்கரு மட்டுமே தெரியும். வெங்காயத்தின் அடிப்பகுதி நீரைத் தொடும்படி வைத்து வேர் விடச் செய்து, வேர் நுனியின் ஓரிரு மில்லிமீட்டரை மட்டும் எடுங்கள். ஆசிரியரின் மேற்பார்வையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மிதமாகச் சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமிட்டு, கண்ணாடி வில்லையால் மூடி, பக்கவாட்டில் நழுவவிடாமல் நேராக அழுத்துங்கள். நழுவினால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். பெரும்பாலான செல்கள் இடைநிலையிலேயே இருக்கும் என்பதால் பொறுமையாகத் தேடுங்கள். அனாஃபேஸ் செல் கிடைத்தால், வளைந்த குரோமோசோம்களின் முனைகள் பின்தங்க, சென்ட்ரோமியர் முன்னால் இழுபட்டுச் செல்வதைக் காணலாம். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். ஆகவே துருவம் ஒன்றுக்கு 16 வீதம் அந்தச் செல்லில் 32 இருக்கவேண்டும்.