பழைய பைதான் லைப்ரரியில் உள்ள கேமல் கேஸ் பெயர்களை ஸ்நேக் கேஸுக்குத் தானாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் ஃபைண்ட் ரீப்ளேஸ் பக்கமே போகாதீர்கள். (பெயருக்குள் அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டி எழுதுவது கேமல் கேஸ், எல்லாம் சின்ன எழுத்தாக்கி நடுவில் அடிக்கோடு போடுவது ஸ்நேக் கேஸ்.)

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு எடை மேடைக் கணக்கும் ரசீதும் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். அதன் அடியில் இருந்த லைப்ரரியை, பைதானின் எழுத்து நடைக் கையேடான பெப் 8 முறைக்குக் கொண்டுவந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பைதானோடு வரும் ஏஎஸ்டி மாட்யூல் வழியாகக் கோடைப் படித்துத் திரும்ப எழுதினால் கமெண்டெல்லாம் காணாமல் போகும். இன்ஸ்டாகிராம்காரர்கள் வெளியிட்ட லிப்சிஎஸ்டி, கமெண்டையும் இடைவெளியையும் அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றும். கருவி விஷயம் இவ்வளவுதான்.

எந்தப் பெயரை மாற்றலாம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஸ்கிரிப்டை முதலில் பழைய பெயர், புதுப் பெயர் என்று ஒரு சிஎஸ்வி மட்டும் எழுத விடுங்கள். உட்கார்ந்து படியுங்கள். பெரிய எழுத்துக்கு முன்னால் அடிக்கோடு என்று விதி வைத்தால் 'ஜிஎஸ்டிநம்பர்' என்பது 'ஜி_எஸ்_டி_நம்பர்' ஆகி நிற்கும். யூஆர்எல் என்பதை ஒருவர் முழுக்கப் பெரிய எழுத்திலும் இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும் பெரிதாகவும் எழுதியிருந்தால், ஒரே கிளாஸில் இரண்டு ஃபங்ஷன்கள் ஒரே பெயருக்கு வந்துவிடும். பின்னால் இருப்பது முன்னதை விழுங்கும், பைதான் வாயே திறக்காது. தேதி வரம்புக்கு 'ஃப்ரம்' என்று பெரிய எழுத்தில் தொடங்கும் மாறி இருந்தால், சின்ன எழுத்தானதும் அது பைதானின் சொந்தச் சொல், மாறிக்குப் பெயராக வைக்க முடியாது. கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்துவிடுங்கள்.

உங்களுடையதல்லாத பெயர்களைத் தொடவே கூடாது. பைதானோடு வரும் சோதனை மாட்யூலான யூனிட்டெஸ்ட், ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் தானாகக் கூப்பிடும் 'செட்அப்' அப்படி ஒன்று. அதை 'செட்_அப்' ஆக்கினால் எரர் வராது, யாரும் அதைக் கூப்பிடவும் மாட்டார்கள். ஜேசன் தரவில் வரும் சாவிகள், டேட்டாபேஸ் நெடுவரிசைப் பெயர்கள், மேற்கோளுக்குள் இருக்கும் சரங்கள் எல்லாம் இதே கணக்குதான். பெயரைச் சரமாகக் கொடுத்தால் எடுத்துத் தரும் கெட்ஆட்டர் வைத்து, பெயரை ஒட்டிக் கூப்பிடும் இடங்களைக் கருவி கண்டுபிடிக்காது, அவற்றைக் கையால் தேடுங்கள். அப்புறம், ஒரே மாம்பழ ரகத்தின் இரண்டு பெயர்கள்தானே, இதே சாக்கில் 'பெங்களூரா'வைத் 'தோத்தாபுரி' ஆக்கிவிடலாமே என்று யாராவது கிளம்புவார்கள். மறுத்துவிடுங்கள். அது வேறு வேலை, வேறு கமிட் (கிட்டில் தனியாகப் பதிவாகும் மாற்றம்).

வெளியில் பயன்படுத்தும் பெயர்களைச் சட்டென்று நீக்காதீர்கள். பழைய பெயர் புதியதைக் கூப்பிட்டு, 'இது கைவிடப்படும்' என்ற டெப்ரிகேஷன் எச்சரிக்கை தரட்டும். மாட்யூல் அளவில் இதைச் செய்ய பைதான் 3.7 முதல் '__கெட்ஆட்டர்__' இருக்கிறது. பைதான்காரர்களே அவசரப்படவில்லை. த்ரெட்டிங் மாட்யூலில் 'கரண்ட்_த்ரெட்' 2008இல் 2.6 உடன் வந்தது, பழைய 'கரண்ட்த்ரெட்'டைக் கைவிடச் சொன்னது 2021இல் 3.10 வந்தபோதுதான். மாங்காய் சீசனில் லோடு வரிசையில் நிற்கும்போது நாங்கள் இதை வெளியிடவே மாட்டோம்.

பெயர் மாற்றத்தைத் தனி கமிட்டாக வையுங்கள். அதன் எண்ணை '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' கோப்பில் போட்டு, கிட் 2.23 முதல் இருக்கும் 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று பிளேமில் பார்க்கும்போது எல்லா வரியிலும் உங்கள் பெயரே வந்து நிற்காது.