100 எம்பி பிளானில் 12 எம்பிதான் வருகிறது, ரவுட்டரை மாற்றலாமா?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன். ஆனால் எதை டவுன்லோட் செய்தாலும் நொடிக்கு 12 எம்பியைத் தாண்டவில்லை. மாடியில் மகன் அறையில் அதுவும் கிடையாது, ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது. கடைக்காரர் "ஏசி1200 ரவுட்டர் போடுங்க, 1200 வரும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 12 எம்பி விஷயத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர் வேகத்தை பிட் கணக்கில் விற்கிறார், கம்ப்யூட்டர் பைட் கணக்கில் காட்டுகிறது, 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, அதில் கொஞ்சம் வழிச்செலவு போக உங்களுக்கு வருவது முழு வேகம்தான். இரண்டையுமே பேச்சில் 'எம்பி' என்று சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது.

மாடிதான் உண்மையான பிரச்சினை. ஃபைபர் வந்து சேரும் பெட்டியை நாம் மோடம் என்கிறோம், பெரும்பாலும் ரவுட்டரும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கும். வைஃபை என்பது அந்தப் பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் உள்ள கடைசித் துண்டு மட்டும்தான், இன்டர்நெட் வேறு, வைஃபை வேறு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீட் டெஸ்ட், மாடியில் நின்று ஒன்று எடுத்துப் பாருங்கள். கீழே 90, மேலே 8 என்று வந்தால் பிளானை ஏற்றி ஒரு பயனும் இல்லை.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை பார்த்திருப்பீர்கள். முதலாவது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். இரண்டாவது வேகமானது, கான்கிரீட் தளத்தைக் கண்டால் சுருண்டுவிடும். (வைஃபை பெயரோடு 5ஜி என்று தெரிந்தால் அது சிம்கார்டு 5ஜி இல்லை!)

அந்த 1200 எப்படி வந்தது தெரியுமா? 2.4-இல் 300 எம்பிபிஎஸ், 5-இல் 867 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். ஒரு போன் சாதாரணமாக ஒரு சமயத்தில் ஒன்றில்தான் இணையும், அந்த எண்ணும் ஏட்டுக் கணக்குதான். விலை குறைந்த சில மாடல்களில் ஒயர் செருகும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், அப்புறம் 1200 எங்கிருந்து வரும்? உங்கள் 100 பிளானுக்கு அந்த போர்ட் போதும், நாளைக்கு 300-க்கு மாறினால் மாட்டிக்கொள்வீர்கள். வாங்குவதானால் 'கிகாபிட் போர்ட்' (1000 எம்பிபிஎஸ் போர்ட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் (நெட்வொர்க் ஒயர்) இழுத்து, பழைய ரவுட்டர் கிடந்தால் அதை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது ஒயரில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக மாற்றி அங்கே வைத்துவிடலாம், செலவு கேபிளுக்கு மட்டும்தான். ஒயர் இழுக்க வழியே இல்லை என்றால் மட்டும் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) பக்கம் போங்கள். மலிவு ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. பெட்டி டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவை ஒட்டியோ இருக்கிறதா? அங்கிருந்து எடுத்து மாடிப்படி பக்கம் உயரத்தில் வைத்து ஒருநாள் பாருங்கள்.