சூடானதும் நிற்கும் எம்ஜிபி: கார்புரேட்டரைக் கழற்றுமுன் முள்ளைப் பாருங்கள்

கேள்வி: போன வருடம் 1966 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். எம்1 நெடுஞ்சாலையில் இரண்டு தடவை இப்படி நின்று உயிர் போய் உயிர் வந்தது. பழைய எஸ்யு கார்புரேட்டர் இரண்டையும் தூக்கிவிட்டு ஒற்றை வெபர் மாட்டச் சொல்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். 'பாசிட்டிவ் எர்த்தை மாற்று, எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
- லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். வெபர் நல்ல கார்புரேட்டர்தான். உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறது; அந்த எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றுவதிலும் தப்பில்லை. ஆனால் வண்டி ஏன் நிற்கிறது என்று தெரியாமல் இதில் எதைச் செய்தாலும், பழைய கோளாறு அப்படியே இருக்க, மேலே புதிதாக இரண்டு கோளாறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கார்களோடு புழங்குகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: கார்புரேட்டர் கோளாறு என்று வருகிற பத்தில் ஒன்பது இக்னிஷன், அதாவது தீப்பொறிப் பக்கக் கோளாறு. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

உங்கள் கேள்வியில் ஒரு விவரம் இல்லை. வண்டி சுவிட்சை அணைத்ததுபோல டக்கென்று நின்றதா, இருமி, இழுத்து, திக்கித் திணறி நின்றதா? டக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். இதைவிட நல்ல சாட்சி ஒன்று உங்கள் டாஷ்போர்டிலேயே இருக்கிறது: இஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர். 1966 வண்டியில் சுவிட்சிலிருந்து, தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் வெள்ளை வயர், வழியில் இந்த மீட்டரின் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறது. அதில் ஓடும் கரண்ட் விட்டுவிட்டு வருவதை எண்ணித்தான் முள் அசைகிறது. ஆகவே இஞ்சின் செத்த பிறகும் கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது கிளட்சை மிதிக்காமல் முள்ளைப் பாருங்கள். வண்டி உருளும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், காயிலின் பேட்டரி பக்கச் சுருளுக்குப் போய்வரும் கரண்ட் எங்கோ அறுந்திருக்கிறது. வண்டியின் வேகத்தோடு முள்ளும் மெதுவாக இறங்கினால் அந்தப் பாதை சரி. தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர், பிளக் வயர், பெட்ரோல் பக்கம் தேட வேண்டும். இந்தச் சோதனையை வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களில் சுற்றிச் செய்யுங்கள். எம்1 ஓரத்தில் நின்று பானட்டைத் திறக்கவே வேண்டாம்.

முள் விழுந்ததா? அப்படியானால் ரோட்டர் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டுக்கு வரும் மெல்லிய வயர் ஒன்று உள்ளே இருக்கும். தீப்பொறி நேரத்தை மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் இதுவும் வளைந்து நிமிரும். பல வருடம் ஆட, மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்துபோகும். கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் ஆள் அகப்பட்டான். தட்டை எர்த் செய்யும் குட்டி வயருக்கும் இதே வியாதி வரும். இரண்டும் சரியென்றால் காயில், பாயின்ட் தீயாமல் காக்கும் கண்டன்சர். இரண்டுமே குளிரில் நல்ல பிள்ளைகள். சூடானால்தான் குணம் மாறும். ஆறினால் பழையபடி நல்ல பிள்ளைகள். நீங்கள் சொன்ன கால் மணி நேரக் கணக்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இப்போதுதான் எல்லாம் புதிதாகப் போட்டோம்' என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னால் என் சந்தேகம் கூடும், குறையாது. இன்று விற்கிற மலிவு கண்டன்சர்களும் ரோட்டர்களும் அவ்வளவு மோசம். ரோட்டரின் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணி ஆழமாக இறங்கியிருந்தால், சூட்டில் தீப்பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து நேராகத் தண்டுக்கே போய்விடும், பிளக்குக்கு வராது. ஆணியே இல்லாத சிவப்பு ரோட்டர் கிடைக்கிறது; அதை வாங்குங்கள். கண்டன்சரும் நல்லதாகப் பார்த்து ஒன்று. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் திட்டத்தில் வைக்காதீர்கள்.

இனி பெட்ரோல். வண்டி நின்றதும் முதல் வேலையாகப் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். 'உஸ்' என்று காற்றை உறிஞ்சினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டாங்கில் வெற்றிடம் ஏறி, பம்பால் இழுக்க முடியாமல் நிற்கிறது. கால் மணி நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போக, மறுபடி ஓடுகிறது. மூடியைச் சுத்தம் செய்தால் தீர்கிற இந்தக் கோளாறுக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. அடுத்து பம்ப். இக்னிஷனைப் போட்டதும் பின்னால் வலது சக்கரப் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் நிற்க வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லை டாங்க் காலி. ஊமையாக இருந்தால் பம்பின் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பானர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். வீடு போய்ச் சேர அது போதும்; அதையே வைத்தியம் என்று நம்பிவிடாதீர்கள்.

ரப்பர் குழாய்களையும் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே பிரிட்டனில் பெட்ரோல் பங்குகளில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரை அரித்து ஊற வைக்கும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றி, எத்தனால் குறைந்த இ5 சூப்பர் போடுங்கள்.

எஸ்யுவைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஒரு ஜெட், ஒரு ஊசி, மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான் அந்தக் கருவி. பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் தடையில்லாமல் இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். மேல் குழாயில் எண்ணெய் இருக்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்தே கேட்டுவிடலாம். நம்மூர் அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி இஞ்சினும் உங்கள் 1798 சிசி இஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டிய பழைய மெக்கானிக் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், பானட்டைத் திறந்ததுமே வீட்டு ஆளைப் பார்த்ததுபோலச் சிரிப்பார். வெபருக்கோ மேனிஃபோல்டும் மாற வேண்டும், நின்ற இடத்திலேயே சக்கரத்தை உருளை மேல் ஓட்டிச் சோதிக்கும் ரோலிங் ரோட்டில் வைத்து ஜெட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் எல்லாம் மாற்றிய இஞ்சினுக்கு அது நியாயம். உங்களுடையதற்கு வீண் செலவு.

பாசிட்டிவ் எர்த் விஷயம். எம்ஜி நிறுவனமே 1967 கடைசியில் டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு வந்தபோது நெகட்டிவுக்கு மாறியது. இந்தக் காலத்து ரேடியோ மாட்ட வேண்டுமென்றால் நீங்களும் மாறலாம். ஆனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் வயரை மாற்றிப்போட்டால் மட்டும் வேலை முடியாது. டைனமோவுக்குத் திசை மாற்ற வேண்டும், காயில் வயர்களை இடம் மாற்ற வேண்டும், டேக்கோமீட்டரைப் பிரித்து உள்ளே திருத்த வேண்டும். கடைசியை மறந்தால், மேலே நான் சொன்ன சாட்சியையே கொன்றுவிடுவீர்கள். எந்த எர்த்தாக இருந்தாலும், கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிப் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை கெட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் கருகும்.

மாற்றியே தீர வேண்டுமென்று கை துறுதுறுத்தால் பிரேக்கில் வையுங்கள். உங்கள் வண்டியில் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு, ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம். மூன்று ரப்பர் குழாய்களையும் திரவத்தையும் மாற்றுங்கள். நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் போகாமல் இருக்காதீர்கள். வருடம் ஒரு தடவை வேறொருவர் கண் வண்டியின் அடியில் படட்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் பாசிட்டிவ் எர்த்துக்கான மாடலா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றிய பாயின்ட்டும் கண்டன்சரும் டிக்கியில் கிடக்கட்டும். அந்த எலக்ட்ரானிக் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் சாகும். எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ்காரருக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

முதலில் ஓர் அரை மணி நேரம் தெருவைச் சுற்றுங்கள். நின்றதும் முள் எங்கே போனது, மூடி உறிஞ்சியதா, பம்ப் அடித்ததா, மூன்றையும் குறித்து எனக்கு எழுதுங்கள். ஒர்க்‌ஷாப்காரரிடம் வெபருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்பதையும்.