தூண்டில் கேள்வி பதில்: சாகாத இரை, அறுக்காத தோமான்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குட்டை) தோமான் என்னும் பெரிய விரால் வகை மீனுக்கு உயிர் இரை போடுகிறோம். வீட்டிலிருந்து எடுத்துப்போகும் லம்பாம் (கெண்டை வகை மீன்) குஞ்சுகளில் பாதி வழியிலேயே செத்துவிடுகின்றன. மீதியும் முள்ளில் கோத்த பத்து நிமிடத்தில் சாய்ந்துவிடுகின்றன. எங்கே தப்பு?
— தோட்ட வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் வாளித் தண்ணீரைக் கவனியுங்கள். குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். முதல் நாளே பிடித்து, மூடாமல் வைத்திருந்து பயன்படுத்துங்கள். இரை பிடித்த இடத்துத் தண்ணீரே கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து லிட்டர் வாளிக்கு விரல் நீள மீன் ஆறு, மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் போட்டால் பேட்டரி ஏர் பம்ப் ஓடினாலும் தாங்காது. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வெயிலில் போகிறவர்கள், உறைய வைத்த தண்ணீர் போத்தல் ஒன்றை மூடியைத் திறக்காமல் வாளியில் மிதக்க விடலாம். ஐஸ் கட்டியை அள்ளிக் கொட்டினால் திடீர்க் குளிரிலேயே மீன் செத்துவிடும். புறப்படுவதற்கு முந்தின நாள் இரை மீனுக்குத் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் வாளியில் கழிந்து தண்ணீரைக் கெடுக்கும்.

பத்து நிமிடத்தில் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் முள் ஏறிய இடம்தான். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். காய்ந்த கையில் அதன் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குட்டை போன்ற நின்ற தண்ணீரில் முதுகுத் துடுப்பின் அடியில், நடுமுள்ளுக்கு (முதுகெலும்புக்கு) மேலாக, தோலும் கொஞ்சம் சதையும் மட்டும் பிடிக்கும்படி கோக்க வேண்டும். முள் நடுமுள்ளில் பட்டால் மீனுக்கு வால் அசையாது. பேராக் ஆறு போல ஓடும் தண்ணீரில் மேலுதட்டில் கோத்தால்தான் இரை நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். அங்கே முதுகில் கோத்தால் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் இழுத்து, சுழற்றி, தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். இரண்டு உதட்டையும் சேர்த்துத் தைக்கவே கூடாது. வாய் வழியாகத் தண்ணீர் போகாமல் மூச்சு முட்டும். விரல் நீள லம்பாமுக்கு மெல்லிய கம்பியில் செய்த 2/0 அளவு முள் போதும். தடித்த பெரிய முள்ளைச் சுமந்தே அது களைத்துப் போகும்.

நெடுநேரம் தாங்கும் இரை வேண்டுமானால் பூயு (பனையேறிக் கெண்டை) நல்ல மீன். வெளிக் காற்றையும் அது சுவாசிக்கும். எதைப் போட்டாலும் மிச்ச இரையைக் குட்டையில் கொட்டிவிட்டு வராதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா போன்ற வெளிநாட்டு மீன்கள் நம் தண்ணீரில் பெருகியது போதும்.

கேள்வி: செண்டெரோ ஏரியில் தோமான் இரையை எடுத்து ஓடுகிறது. சுண்டினால் நரம்பு அறுந்து வருகிறது, இல்லையென்றால் செதில் உரிந்த இரை மட்டும் வருகிறது. எப்படிக் கட்ட வேண்டும்?
— வாசகர், கோலகங்சார்

பதில்: தோமானின் பல் சாதாரண நைலான் நரம்பை அறுத்துவிடும். முள்ளுக்கு மேலே 30 செ.மீ. கம்பி லீடர் (முள்ளையும் நரம்பையும் இணைக்கும் துண்டு), 30 பவுண்டு தாங்குவதாகக் கட்டுங்கள். கம்பி பிடிக்காவிட்டால் 60 பவுண்டு நைலான் போடலாம்; ஆனால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிட வேண்டும். செடியும் மூழ்கிய கட்டையும் உள்ள இடம் என்பதால் ரீலில் 30 முதல் 40 பவுண்டு பின்னல் நரம்பு இருக்கட்டும்.

ரீல் பக்கமிருந்து வரிசை இது: நூலால் போட்ட தடுப்பு முடிச்சு, சிறு மணி, வழுக்கி ஓடும் தக்கை, 5 கிராம் ஈயக்குண்டு, கிலி-கிலி (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), லீடர், முள். இரை செடிக்கு மேலே நீந்தும்படி தடுப்பு முடிச்சை நகர்த்திக்கொள்ளுங்கள்; பல இடங்களில் ஒரு மீட்டர் சரியாக இருக்கும். ஈயம் கனத்தால் இரை நீந்தாமல் தொங்கும். தக்கை பெரிதாக இருந்தால் தோமான் இழுக்கும்போது பாரம் தெரிந்து இரையைத் துப்பிவிடும்.

செதில் உரிந்த இரை வருகிறது என்றால் நீங்கள் அவசரப்பட்டுச் சுண்டுகிறீர்கள். முதலில் இரையின் நடு உடம்பைக் கவ்விக்கொண்டு ஓடும் தோமான், அதன்பிறகுதான் அதைத் திருப்பி விழுங்கும். இதற்கு 4/0 அளவு வட்ட முள் (கூர்முனை உள்பக்கம் வளைந்தது) நல்லது. சுண்ட வேண்டாம், நரம்பு இறுகும்வரை நிதானமாக ரீலைச் சுற்றினால் வாயின் ஓரத்தில் தானாக மாட்டும். முள்ளின் கூர்முனை இரையின் சதைக்குள் புதையாமல் வெளியே நிற்க வேண்டும். 30 பவுண்டு நரம்பானால், சிறு தராசில் கட்டி இழுத்தால் மூன்று கிலோவில் நரம்பு நழுவும்படி ரீலின் டிராக்கை (இறுக்கத்தை) வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து குமிழி விட்டால், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கின்றன. அங்கே விழும் எதையும், பசிக்காக இல்லை, குஞ்சைக் காக்கவே அடிக்கும். பெரிய மீன் சுலபமாகக் கிடைக்கும்தான். ஆனால் காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய் வீசுங்கள்.

கேள்வி: பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட ஆசை. எடையை எப்படிச் சொல்வது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நனைத்த சாக்கில் கிடத்தி, வாய் நுனியிலிருந்து வால் முனை வரை நீளமும், உடம்பின் பருத்த இடத்தில் சுற்றளவும் செ.மீ. கணக்கில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000ஆல் வகுத்தால் சுமாரான எடை கிலோவில் வரும். 70 செ.மீ. நீளம், 36 செ.மீ. சுற்றளவு என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். தராசு இருந்தால் ஈரப் பையில் போட்டு நிறுத்து, பிறகு பையின் எடையைக் கழியுங்கள். செவுளில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட மீனை விட்டாலும் பிழைப்பது சந்தேகம். படத்தில் மீனுக்குப் பக்கத்திலேயே அளவு நாடாவும் தெரியும்படி வையுங்கள்.