மெத்தில் ஆரஞ்சில் முடிவுநிலை பிடிபடாதது ஏன்?

வணக்கம் டீச்சர். தரம்பார்த்தலில் (அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கி அளக்கும் சோதனை) 20 மி.லி. 0.1 நார்மல் (செறிவின் அலகு) ஆக்ஸாலிக் அமிலத்துக்கு அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. ஆகவேண்டும், மெத்தில் ஆரஞ்சு வைத்துச் செய்யும் உங்கள் மாணவர்களுக்கு 13, 15, 16 மி.லி. என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு அவர்கள் கையில் இல்லை, முடிவை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியில் இருக்கிறது.

மெத்தில் ஆரஞ்சு, அமில-கார அளவான பி.எச். 3.1 முதல் 4.4-க்குள் நிறம் மாறும். ஆக்ஸாலிக் அமிலத்தின் இரண்டாவது ஹைட்ரஜன் அயனி நடுநிலையாவதும் ஏறத்தாழ அதே எல்லையில்தான். அதனால் சிவப்பு சட்டென மாறாமல் மெல்ல மெல்ல மஞ்சளாகும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்துவார்கள். அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமநிலைப் புள்ளி பி.எச். 8-க்கு மேல். எனவே அந்த எல்லையில் நிறம் மாறும் பினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு போதும். காரம் பியூரெட்டில் (சொட்டுவிடும் அளவுக்குழாய்), அமிலம் கூம்புக் குடுவையில். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவு. அதன்பின் மங்கினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். மேலும் சொட்டுவிட வேண்டாம்.

திட்டக் கரைசலுக்கு (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) 250 மி.லி.யில் 1.575 கிராம் படிக ஆக்ஸாலிக் அமிலம். இது நச்சு, பிப்பெட்டில் வாயால் உறிஞ்ச விடாதீர்கள், ரப்பர் பல்பு கொடுங்கள். கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டும் அலசச் சொல்லுங்கள். அமிலத்தால் அலசினால் அளவு கூடிவிடும்.